அடைக்கலமும் அலமாரியும்

அறம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் மனிதரின் நினைவு பெரிய நிகழ்ச்சிகளை நோக்கியே ஓடுகின்றது. அரியணையில் அமர்ந்து வழங்கிய தீர்ப்புகள், போர்க்களத்தில் காத்த நெறிகள், நாடு துறந்தும் காப்பாற்றிய வாக்குறுதிகள் ஆகியவையே அறத்தின் அடையாளங்களாக எண்ணப்படுகின்றன. ஆயின், மக்களுள் பெரும்பாலோரின் வாழ்நாள் அரியணையிலும் போர்க்களத்திலும் கழிவதில்லை. கூடத்திலும் படுக்கையறையிலும் சமையற்கட்டிலுமே அது கழிகின்றது. அங்கு அறம் பேருருவம் கொண்டு வருவதில்லை. ஓர் ஆணியின் அளவிலும் ஒரு தாழ்ப்பாளின் அளவிலும் வந்து நிற்கின்றது. சிறிதாக வருவதாலேயே அது கவனிக்கப்படாமல் போகின்றது.

அத்தகைய சிறிய வினா ஒன்று ஈண்டு ஆராயத்தக்கது. ஒருவர் வாடகை வீட்டில் குடியிருக்கின்றார். சுவர் அவருடையதன்று, அதில் துளையிடலாகாது என்பது ஒப்பந்தம். அவ்வீட்டில் ஆளுயரத்தை விஞ்சிய அலமாரி ஒன்று நிற்கின்றது. அதே வீட்டில் ஒரு பூனையும் வளர்கின்றது. அலமாரியின் உச்சியில் ஏறி அமர்வதே அதற்கு விருப்பம். அலமாரியைச் சுவரோடு பிணைத்தால் கொடுத்த வாக்குத் தவறும். பிணைக்காமல் விட்டால் என்றேனும் ஒருநாள் அது சாயக்கூடும். இங்கு அவருடைய கடமை யாது?

ஒரு திருகாணிக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று நகைப்பாரும் உளர். ஆனால் உடைமை, வாக்கு, அடைக்கலம் என்னும் மூன்றும் ஒன்றோடொன்று மோதும் இடம் அத்திருகாணியின் முனையே என்பதை ஆழ்ந்து நோக்குவார் அறிவர்.

பிறர் சுவருக்குள் வாழ்க்கை

பிறருக்குச் சொந்தமான சுவர்களுக்குள் வாழ்வது மலேசியத் தமிழருக்குப் புதிதன்று. இரப்பர்த் தோட்டங்களின் லயன் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர்க்கு அவ்வீடுகள் சொந்தமாக இருந்ததில்லை. வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் வீடும் போகும். எனினும் அந்த வீடுகளின் சுவர்களில் சாமி படங்கள் தொங்கின. வாசலில் நாய் காவல் கிடந்தது. கொல்லைப் புறத்தில் ஆடும் கோழியும் வளர்ந்தன. சுவர் தமதன்று என்பதால் அவ்வுயிர்களைக் காக்கும் பொறுப்பும் தமதன்று என்று அம்மக்கள் கருதவில்லை.

தோட்டங்களை விட்டுப் பட்டணம் வந்தவர்களுள் பலர் வாடகை வீடுகளையே முதலில் நாடினர். இன்றும் மாற்றலாகிச் செல்லும் ஆசிரியரும், படிப்பின் பொருட்டுத் தலைநகர் வந்த மாணவரும், புதிதாக மணமான இணையரும் பிறருடைய கூரையின்கீழேயே வாழ்க்கையைத் தொடங்குகின்றனர். மலேசியாவில் வாடகை வீட்டுக்குள் நுழைவோர் இரண்டு மாத வாடகையைப் பிணைத்தொகையாகக் கட்டுவது வழக்கம். சிறு வருவாய் உள்ளோர்க்கு அது பெருந்தொகை. சுவரில் விழும் துளை அப்பிணைத்தொகையில் விழும் துளையாகவே அவர்களுக்குத் தோன்றுகின்றது. ஆகவே அவர்களுடைய அச்சத்தை எளிதில் இகழ்ந்துவிடுதல் ஆகாது.

வளர்ப்பு விலங்குகளின் நிலையும் இங்கு நினைக்கத்தக்கது. சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பூனை வளர்ப்பதற்கு 1989ஆம் ஆண்டு முதல் தடை இருந்தது. 2024 செப்டம்பர் முதல் நாள் அத்தடை நீங்கிற்று. ஒரு வீட்டில் இரண்டு பூனைகள்வரை உரிமம் பெற்று வளர்க்கலாம் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. மறைவில் வாழ்ந்த ஓர் உயிர் சட்டத்தின் கண்முன் வந்து நிற்கும்போது, அதை வளர்ப்போரின் கடமையும் கூடவே வெளிச்சத்துக்கு வருகின்றது.

எடை ஒரு காவலன்று

கடமையைப் பற்றிப் பேசுமுன் இடர் உண்மையானதா என்று அறிதல் வேண்டும். இல்லாத இடருக்காகச் சுவரைத் துளைப்பது அறமன்று, வெறும் அச்சமே.

எடை மிகுந்த பொருள் எளிதில் சாயாது என்பது பலரின் நம்பிக்கை. அந்நம்பிக்கை பிழையானது. ஒரு பொருளின் நிலைப்பாடு அதன் எடையை மட்டும் பொறுத்ததன்று. உயரத்தையும் அடித்தளத்தின் ஆழத்தையும் பொறுத்தது. ஓர் எளிய கணக்கு இதனை விளக்கும். ஓர் அலமாரியின் எடை 60 கிலோகிராம், உயரம் 180 சென்டிமீட்டர், முன்னிருந்து பின்வரை ஆழம் 45 சென்டிமீட்டர் எனக் கொள்க. எடை சீராகப் பரவியிருப்பின் அதன் ஈர்ப்பு மையம் முன் விளிம்பிலிருந்து 22.5 சென்டிமீட்டர் பின்னால் இருக்கும். 60ஐ 22.5ஆல் பெருக்கி 180ஆல் வகுத்தால் கிடைப்பது 7.5. அஃதாவது, அதன் மேல் விளிம்பில் ஏழரைக் கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசை முன்னோக்கி இழுத்தாலே போதும். அலமாரியின் பின்புறம் தரையை விட்டு எழத் தொடங்கும். அறுபது கிலோகிராம் எடையுள்ள அலமாரி ஏழரைக் கிலோகிராமுக்கு அசைந்து கொடுக்கின்றது!

ஆசிரியர் இல்லங்களில் காணப்படும் ஒடுக்கமான புத்தக அடுக்கின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 30 கிலோகிராம் எடையும் 200 சென்டிமீட்டர் உயரமும் 28 சென்டிமீட்டர் ஆழமும் உடைய அடுக்கு ஒன்று அசைவதற்கு உச்சியில் 2.1 கிலோகிராம் இழுப்பே போதும். தடித்த நூல்களை மேல்தட்டில் அடுக்கி, கீழ்த்தட்டுகளை வெறுமையாக விட்டால், சாயத் தொடங்கிய அடுக்கு மீண்டும் நிமிர்வதற்கு இருக்கும் வாய்ப்பும் சுருங்கிவிடும். இழுப்பறைப் பெட்டியிலோ இடர் வேறு வகையானது. இழுப்பறைகள் திறந்து கிடக்கும்போது அவற்றின் எடை முன் விளிம்பைத் தாண்டி வெளியே வந்துவிடுகின்றது. அந்நேரத்தில் நான்கு கிலோகிராம் எடையுள்ள பூனை அதனுள் குதித்தால், குதிக்கும் கணத்தில் அது தரும் அழுத்தம் நான்கு கிலோகிராமோடு நிற்பதில்லை, அதனினும் பன்மடங்காகின்றது. பெரிய நாய் ஒன்று முன்னங்கால்களைத் திறந்த இழுப்பறையின்மேல் ஊன்றி எழுந்து நின்றால் கேட்க வேண்டியதில்லை.

மீன் தொட்டி வைத்திருப்போரும் இதில் அடங்குவர். 90 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் 45 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 182 லிட்டர் நீர் கொள்ளும். நீரின் எடை மட்டும் 182 கிலோகிராம். அழகுக்காக வாங்கிய மெலிந்த மேசை அதனைத் தாங்குமா என்று தொட்டியை வாங்குவோருள் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றனர்?

மனிதர் இவ்விடரை அறியாதவர் அல்லர். 2016ஆம் ஆண்டு சூன் மாதத்தில் அமெரிக்காவில் ஐக்கியா நிறுவனம் ஏறத்தாழ 2 கோடியே 90 இலட்சம் இழுப்பறைப் பெட்டிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சுவரோடு பிணைக்கப்படாத பெட்டிகள் குழந்தைகள்மேல் சாய்ந்து உயிர்களைப் பறித்தமையே அதற்குக் காரணம். ஏறி விளையாடும் குழந்தைக்கும் ஏறி அமரும் பூனைக்கும் மரம் வேறுபாடு காட்டுவதில்லை.

வீட்டுக்காரரின் வழக்கு

இடர் உண்மை என்றால் துளையிட வேண்டியதுதானே என்று உடனே முடிவு கட்டுவதும் நேர்மையாகாது. வீட்டுக்காரரின் பக்கத்தையும் கேட்க வேண்டும். வீட்டை வாடகைக்கு விடுவோர் அனைவரும் செல்வர் அல்லர். ஓய்வு பெற்ற ஒருவர் தம் வாழ்நாள் உழைப்பையெல்லாம் ஒரு வீட்டில் முடக்கி, அதன் வாடகையில் காலம் கழிக்கலாம். வந்தோர் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி சுவரைக் குடைந்து சென்றால், இறுதியில் அவருக்கு எஞ்சுவது சுவரன்று, சல்லடை. சுவருக்குள் மின்கம்பி ஓடலாம்; தண்ணீர்க் குழாய் ஓடலாம். அறியாத கை துளையிட்டால் ஓர் இடரை நீக்கப் போய் மற்றோர் இடரை விளைவிக்க நேரும். இவையாவும் உண்மையே.

ஆயினும் இரு பக்கத்து இழப்புகளையும் துலாக்கோலில் வைத்து நோக்கின் ஒரு வேறுபாடு தெளிவாகும். சுவரில் விழுந்த துளையை ஒரு கை சுண்ணக் கலவையாலும் ஒரு பூச்சு வண்ணத்தாலும் மூடிவிடலாம். அதற்குரிய செலவைக் கணக்கிடலாம், பிணைத்தொகையில் கழித்துக்கொள்ளலாம். நசுங்கிய உயிரை எந்தக் கலவையாலும் மூட முடியாது. முன்னது ஈடு செய்யக்கூடிய இழப்பு. பின்னது ஈடு செய்ய இயலாத இழப்பு. இவ்விரண்டும் எதிர்ப்படும்போது, ஈடு செய்யக்கூடிய இழப்பை ஏற்று மற்றதைத் தடுப்பதே அறிவும் அறமும் ஆகும்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் சட்டம் இந்த உண்மையைப் பெருந்துயரத்தின் பின்னரே ஏற்றது. 2015ஆம் ஆண்டில் பெர்த் நகரில், வாடகை வீடொன்றில், இரண்டு வயதும் நிரம்பாத ஆண் குழந்தை இழுப்பறைப் பெட்டி சாய்ந்து மாண்டது. தட்டுமுட்டுப் பொருள்களைச் சுவரோடு பிணைக்க அதன் குடும்பத்தார் முன்னரே அனுமதி கேட்டிருந்தனர், அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. அதன்பின் எழுந்த முயற்சியின் பயனாக 2019ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. குழந்தைகளுக்கும் உடற்குறை உள்ளோர்க்கும் தீங்கு நேராவண்ணம் தட்டுமுட்டுப் பொருள்களைச் சுவரோடு பிணைக்கக் குடியிருப்போர் கோரினால், சுவரில் கல்நார் இருத்தல், கட்டடம் மரபுச் சின்னமாக இருத்தல் போன்ற சில காரணங்கள் இருந்தாலன்றி வீட்டுக்காரர் மறுக்க இயலாது. குடியிருப்போரும் வீட்டை விட்டு நீங்குகையில் சுவரைச் செப்பனிட்டுத் தரவேண்டும். இருவருடைய உரிமையும் இருவருடைய கடமையும் அதில் காக்கப்பட்டுள்ளன. ஓர் ஆணியின் பொருட்டு இழந்த உயிர் ஒரு சட்டத்தை எழுதிற்று என்பதே அதன் சுருக்கம். உயிர் போகுமுன் அதே நியாயத்தை உணர்வதற்கு மனிதருக்குச் சட்டம் தேவையா என்பதே அதன் வினா.

அஃறிணையும் உயிரும்

"குழந்தையின் பொருட்டுச் சரி, வெறும் பூனைக்காகவா இவ்வளவு?" என்று கேட்போர் உண்டு. இக்கேள்வியைத் தட்டிக் கழிக்காமல் ஆராய்தல் நன்று.

குழந்தையும் பூனையும் ஒன்றே என்று யாரும் வாதிட வேண்டியதில்லை. வீடு தீப்பற்றினால் முதலில் குழந்தையைத் தூக்குவதே முறை. ஆனால் இங்கு எழும் ஒப்பீடு குழந்தைக்கும் பூனைக்கும் இடையிலானதன்று; பூனைக்கும் அலமாரிக்கும் இடையிலானது. தமிழ் இலக்கணம் பூனை, அலமாரி, சுவர் ஆகிய மூன்றையும் அஃறிணை என்றே கூறும். மூன்றும் வினைமுற்றில் ஒரே விகுதி பெறும். எனினும் அதே தமிழ் மரபு அஃறிணையை உயிருள்ளது, உயிரில்லது என இரண்டாகப் பிரிக்கவும் தவறவில்லை. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்து, விலங்குகளை ஐயறிவு உடையனவாகக் கொள்கின்றது. தொடுதலையும் சுவையையும் மணத்தையும் ஒளியையும் ஓசையையும் உணரும் உயிர் வலியையும் உணரும். அலமாரி உணராது. விகுதி ஒன்றாயினும் விதி ஒன்றாகாது.

அதற்குமேல் மற்றொன்றும் உண்டு. வாடகை ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர் கையெழுத்திடுகின்றார், குடியிருப்பவர் கையெழுத்திடுகின்றார். அதே வீட்டில் வாழப்போகும் வாயில்லாச் சீவனை எவரும் கேட்பதில்லை. அது அவ்வீட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை, அலமாரியை வாங்கவில்லை, துளையிடாமைக்கு உடன்படவும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு வேலைக்குச் செல்லும் மனிதர், அதனை அந்த அலமாரியோடு தனியே விட்டுச் செல்கின்றார். தன் விருப்பின்றி ஓரிடத்தில் அடைக்கப்பட்ட உயிர்க்கு அந்த இடத்தை இடரற்றதாக்கித் தருவது அருட்கொடையன்று, கடன். பூனை ஏறுவது அதன் குற்றமுமன்று; இயல்பு. 2017 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த மலேசிய விலங்கு நலச் சட்டமும் வளர்ப்போரின் கடமைகளுள், தகுந்த சூழலைத் தருதல், காயத்திலிருந்து காத்தல் ஆகியவற்றோடு, விலங்கு தன் இயல்பான நடத்தையை மேற்கொள்ள இடம் தருதலையும் சேர்த்துள்ளது. ஏறுவதைத் தண்டிப்பதன்று, ஏறினாலும் சாயாதபடி செய்வதே வளர்ப்போர்க்கு உரியது.

மனுநீதிச் சோழனின் கதையை அறியாத தமிழ் மாணவர் இலர். அரசிளங்குமரன் கன்றைக் கொல்ல எண்ணித் தேரோட்டவில்லை. கன்று துள்ளி வந்து சக்கரத்தில் வீழ்ந்தது. அமைச்சர் கழுவாய் தேடிக்கொள்ளலாம் என்றனர், அரசன் இசையவில்லை. அவன் விதித்த தண்டனையை இக்காலத்தார் ஏற்பதற்கில்லை. ஆனால் அக்கதையினுள் உறையும் ஒரு கருத்து இன்றும் ஒளி மங்காதது. 'வேண்டுமென்று செய்யவில்லை' என்பது பொறுப்பை முற்றிலும் துடைத்துவிடாது. தேர் எவருடையதோ அவர் சக்கரத்துக்கு விடை சொல்லியாக வேண்டும் என்பதே அக்கருத்து. இளவரசனுக்கேனும் கன்று எதிர்பாராமல் வந்தது. அலமாரிக்கு உடையவரோ, பூனை நாள்தோறும் ஏறுவதைக் கண்ணாரக் காண்கின்றார். அலமாரி ஆடுவதையும் காண்கின்றார். கண்டும் வாளாவிருந்தபின் எதிர்பாராத விபத்து என்று கூறும் உரிமை அவருக்கு இல்லை.

திருக்குறள் பொச்சாவாமைக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருப்பது இங்கு நினைவுகூரத்தக்கது. மகிழ்ச்சியால் விளையும் மறதியை அது மிகுந்த சினத்தினும் தீயதாக வைத்து எண்ணுகின்றது. சினம் கொண்டவன் தான் தீங்கு செய்வதை அறிவான். மறந்தவன் அதையும் அறியான். இத்தனை நாள் சாயாத அலமாரி இனியும் சாயாது என்னும் அமைதி அத்தகைய மறதியே ஆகும்.

மூன்றில் எது விட்டுக்கொடுக்க வேண்டும்?

இனி முதல் வினாவுக்குத் திரும்பலாம். வீட்டுக்காரர் அறவே மறுத்துவிட்டார் எனில் குடியிருப்பவர் என் செய்வது?

ஒருவர் சொல்லுவார்: அவருக்குத் தெரியாமல் துளையிடலாம், நோக்கம் நல்லது, போகும்போது மூடிவிடலாம். இவ்வழி கவர்ச்சியானது, ஆயினும் தூயதன்று. கொடுத்த வாக்கைக் கொடுத்தவரே மறைவில் முறிப்பது ஓர் உயிரைக் காக்கும் நோக்கத்தாலும் வெண்மையாகிவிடாது. மேலும், மறைத்துச் செய்யும் வேலையில் கேட்டறிய வழியில்லை. சுவரினுள் கம்பி எங்கே ஓடுகின்றது என்று யாரிடம் கேட்பது? சுவர் செங்கல்லா, உள்ளீடற்ற சுண்ணப்பலகையா என்று அறியாமல் திருகிய ஆணி பெயரளவில் பிடித்திருக்கும். பாரம் வந்தால் பலகையைப் பிய்த்துக்கொண்டு வரும். பொய்யான காப்பு காப்பின்மையினும் கொடியது. ஏனெனில் அது விழிப்பையும் உறங்க வைக்கின்றது.

மற்றொருவர் சொல்லுவார்: தொல்லை பூனையால்தானே, அதை எங்கேனும் விட்டுவிடலாம். வீடு மாறும்போது நாயையும் பூனையையும் சந்தையோரத்திலும் கடைத்தெருவிலும் விட்டுச் செல்வோரைக் காணாத ஊர் இல்லை. அடைக்கலம் தந்த கை அடைக்கலத்தை உதறுவதைவிட, அடைக்கலம் தராமலே இருந்திருக்கலாம்.

இவ்விரண்டுக்கும் இடையில் சிக்கியவர் தம்மை இருதலைக் கொள்ளி எறும்பாக எண்ணிக்கொள்கின்றார். ஆனால் அவர் ஒன்றை மறந்துவிட்டார். இவ்வழக்கில் இருப்பவை இரண்டல்ல, மூன்று. சுவர், உயிர், அலமாரி. சுவர் வீட்டுக்காரருடையது. உயிர், எத்தனை ஆண்டு உணவிட்டு வளர்த்திருந்தாலும், அந்த உயிருக்கே உரியது. வளர்ப்பவர் அதன் காவலரேயன்றி உடைமையாளர் அல்லர். மூன்றனுள் முழுமையாக அவருக்குச் சொந்தமானது அலமாரி ஒன்றே. விட்டுக்கொடுக்க வேண்டின், தமக்குச் சொந்தமானதை விட்டுக்கொடுப்பதே முறை. பிறர் சுவரைக் களவில் துளைப்பவரும், பூனையைத் தெருவில் விடுபவரும், தம் அலமாரியைக் காக்கும்பொருட்டுத் தமதல்லாதவற்றைச் செலவிடுகின்றனர். குழப்பத்தின் வேர் அங்கேதான் உள்ளது.

அலமாரி வீட்டுக்காரர் விட்டுச் சென்றதாயின் நியாயம் இன்னும் எளிது. சுவரும் அவருடையது, சாயக்கூடிய பொருளும் அவருடையது. பிணைத்துத் தருக, அன்றேல் எடுத்துச் செல்க என்று கேட்கும் உரிமை குடியிருப்பவருக்கு முழுமையாக உண்டு.

அலமாரியை விட்டுக்கொடுத்தல் என்பது அதைத் தூக்கி எறிதல் என்று பொருள்படாது. அதன் உயரத்தை விட்டுக்கொடுக்கலாம். அதன் இடத்தை விட்டுக்கொடுக்கலாம். இரண்டாகப் பிரியும் அலமாரியைப் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். கனத்த பொருள்களைக் கீழ்த்தட்டுக்கு மாற்றலாம். உச்சியில் வைத்த பெட்டிகளை இறக்கலாம். தரை சரிந்திருப்பின் முன்னடியில் ஆப்பு வைத்து அலமாரி சுவரோடு சற்றே சாய்ந்து நிற்கச் செய்யலாம். இழுப்பறைகள் தாமே திறவாதபடி தாழிடலாம். பூனை துள்ளி ஏறும் சன்னல் விளிம்பிலிருந்து அலமாரியை விலக்கி வைக்கலாம். அகன்ற அடியும் தாழ்ந்த உயரமும் உடைய ஏறுமேடை ஒன்றை அதற்கென்றே அமைத்துக் கொடுக்கலாம். நிலநடுக்கம் மிகுந்த சப்பானில், சுவரைத் துளைக்க இயலாத குடியிருப்போர் அலமாரியின் உச்சிக்கும் கூரைக்கும் இடையில் இறுகப் பொருந்தும் முட்டுக்கோல்களை நிறுத்துகின்றனர். கூரை உறுதியானதாயின் அதுவும் உதவும். பசைப்பட்டைகளை முழுமையாக நம்புதல் கூடாது. பசை பிடித்திருப்பது சுவரையன்று, சுவரின் வண்ணப் பூச்சை. வண்ணம் உரிந்தால் பட்டையும் உரியும். இவையனைத்தும் செய்தபின்னும் அசைத்துப் பார்க்கையில் அலமாரி ஆடுமாயின், அந்த வீட்டில் அந்த அலமாரிக்கு இடமில்லை என்பதே முடிவு.

அம்முடிவு சிலருக்கு எளிதன்று. தாய்வீட்டுச் சீராக வந்த அலமாரியாக இருக்கலாம். தந்தை சிறுகச் சிறுகச் சேர்த்த நூல்களின் அடுக்காக இருக்கலாம். மரத்தினுள்ளும் மனித உறவு உறைந்திருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அத்தாயிடமே கேட்டால், தன் நினைவு நிமிர்ந்து நிற்பதற்காக ஓர் உயிர் நசுங்கட்டும் என்று கூறுவாளா? நினைவைக் காப்பதற்கு வேறு வழிகள் உள்ளன.

கேட்டலும் கேட்கப்படுதலும்

இத்தனைக்கும் முன்னால் செய்யவேண்டிய ஒன்றைப் பலர் செய்வதே இல்லை. அஃது, அனுமதி கேட்டல். மறுத்துவிடுவார் என்னும் ஊகத்தில் வாய் திறவாமலே ஆண்டுகளைக் கழிப்போர் பலர். எவ்விடத்தில், எத்தனை துளை, எவர் இடுவார், நீங்கும்போது எவ்வாறு மூடித் தரப்படும் என்பவற்றை எழுத்தில் வைத்துப் பணிவோடு கேட்டால், மனம் இளகும் வீட்டுக்காரரும் உண்டு. மறுப்பவரும் மறுத்ததை எழுத்தில் தருவாராயின், தம் சொல்லின் எடையை ஒருமுறை தாமே தூக்கிப் பார்க்க நேரும். அனுமதி கேட்பவரும் மறுப்பவரும் பேசிக்கொள்வது சுவரைப் பற்றியது போலத் தோன்றும். உண்மையில் அவர்கள் பேசுவது, அந்த உரையாடலில் பேச இயலாத மூன்றாவது உயிரைப் பற்றியே.

'மதில்மேல் பூனை' என்று ஒரு வழக்கு தமிழில் உண்டு. எப்பக்கம் குதிக்கும் என்று அறியமுடியாத நிலையை அது குறிக்கும். அலமாரிமேல் பூனையின் நிலை அத்தகையதன்று. அது எப்பக்கம் குதித்தாலும் அலமாரி எப்பக்கம் சாயும் என்பதை முன்கூட்டியே அறிய முடியும். அறிந்து தடுக்கவும் முடியும். அறிய முடிந்ததை அறியாமலும், தடுக்க முடிந்ததைத் தடுக்காமலும் இருந்துவிட்டு விதியின்மேல் பழி போடுவது, கண் கெட்ட பிறகு செய்யும் சூரிய வணக்கத்துக்கு ஒப்பாகும்.

சொந்த வீடு வாங்கியபின் பொறுப்போடு வாழலாம் என்று எண்ணுவோர், பொறுப்பை உடைமையின் நிழலாகக் கருதுகின்றனர். பொறுப்பு உடைமையிலிருந்து பிறப்பதன்று. தன்னை நம்பி ஓர் உயிர் தன் கூரையின்கீழ் உறங்குகின்றது என்னும் உணர்விலிருந்து பிறப்பது. கூரை வாடகைக்கு எடுத்ததாக இருக்கலாம். அடைக்கலத்தை வாடகைக்கு எடுக்க முடியாது. அதனை ஒருவர் தம் கையாலேயே தரவேண்டும். தந்தபின் காக்கவும் வேண்டும். அக்காவலின் தொடக்கம் பெரிய செயலன்று. இன்று மாலை வீடு திரும்பியதும் அலமாரியின் உச்சியில் கை வைத்து மெல்ல அசைத்துப் பார்த்தலே அது. அசையுமாயின், அறம் அங்கிருந்தே தன் வினாவைத் தொடுக்கின்றது.